உறுதியில் எழுதாதது

எல்லாம் எழுதியாயிற்று.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே தாமோதரத்தின் வளவு,
கல்வீடு, கட்டுக்கிணறு, பயன்தரு தென்னை ஒன்பது.
நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி
"வேறேதும்?" என்றார்.
நான் முந்திரிகையைச் சொல்லவில்லை.

பதினொரு வயது அதற்கு.
அச்சுவேலியிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி
பஸ்ஸில் மடியில் கிடத்திக் கொண்டுவந்த ஒரு சாண் குச்சி.
களுதாவளை மணலில் வெற்றிலைதான் வரும் என்றார்கள்.
வந்தது.
காய் புளித்தது, அது வேறு கதை.

மருமகனுக்கு ஆட்டோ நிறுத்த இடம் வேண்டும்.
"பந்தல் கால் நாலும் இரிக்கட்டும் மாமா,
தகரம் போடலாம்" என்றான்.
கொடியைப் பற்றி அவனும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தில்
பெயர்த்து நடப்படுவது ஆண்கள்தாம்.
இருபத்தாறு வயதில் ஒரு சூட்கேசோடு
இந்த வளவில் ஊன்றப்பட்டவன் நான்.
இப்போது கஜரூபனின் முறை.
தெய்வானைப்பிள்ளை இங்கேயே பிறந்தவள்.
ஐம்பத்து நாலு வயதில்
முதன்முதலாய்ப் பெட்டி கட்டுகிறாள்,
எதை எதற்குள் வைப்பதென்று தெரியாமல்
அம்மிக் குழவியைச் சீலைக்குள் சுற்றுகிறாள்.

போனில் ஒருவன், கம்பளித் தொப்பிக்காரன்,
குளிர்காலத்தில் கொடி தூங்கும், அப்போது கிளப்பு என்கிறான்.
இங்கே கொடி எப்போது தூங்கியது?
மாரி விட்டு, தை பிறந்த கையோடு
இலையெல்லாம் நாங்களே உரித்து
தூங்கு என்றோம்.
பந்தல் முழுவதையும் வெட்டினோம்.
அடிமரமும் இரண்டு கணுவும் மிச்சம்.
வெட்டுவாயில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.
விடியும்வரை.
சிமெந்தில் ஒரு தட்டளவு ஈரம்.

மணல் வேரைப் பிடித்து வைப்பதில்லை.
தூக்கியதும் உதிர்ந்தது,
கையில் வெறும் சிக்கு.
ஒரே ஒரு வேர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது,
கிணற்றடிக்கு, குளிக்கிற கல்லுக்கு,
கல்லுக்கும் அப்பால்.
யாரும் பார்க்காத நேரம் அதை வெட்டினேன்.
கஜரூபன் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
சாக்கை நனைத்துக் கொண்டுவந்து தந்தான்.

குருமண்வெளித் துறையில்
பாதை அக்கரையில் நின்றது.
மீன்பெட்டிக்காரி ஒருத்தி சாக்கைத் தொட்டுப் பார்த்து
"விறகாகா?" என்றாள்.
"முந்திரிகை."
"செத்துப் போச்சே."
"இல்லை."
கூடவே இரண்டு மூட்டை களுதாவளை மணல்.
பாதைக்காரனுக்குச் சிரிப்பு:
"மண்டூருக்கு மண்ணா?"
தெய்வானை சிரிக்கவில்லை.
ஆற்றைப் பார்த்தபடி நின்றாள்,
விட்டுவந்த கரைப் பக்கமாய்.

மண்டூரில் களி.
மண்வெட்டியில் ஏறி இறங்க மறுக்கும்.
குழியில் எங்கள் மணலைக் கொட்டி
வேரை விரித்து வைத்தேன்.
மணல் முடிகிற இடத்தில் அது என்ன செய்யும்?
அதை யோசித்துத் தூங்கவில்லை.
அவளும் தூங்கவில்லை.
இரவில் எழுந்து
இடப்பக்கச் சுவரைத் தடவினாள்.
இந்த வீட்டில் சுவிட்ச் வலப்பக்கம்.

முப்பத்தெட்டு நாள்.
தினமும் நகத்தால் பட்டையைக் கீறுகிறேன்.
உள்ளே பச்சை. இன்னும் பச்சை.
இலை இல்லை.
"கீறிக் கீறிப் பார்த்தா
எதுகா தளைக்கும்?" என்கிறாள்.

நேற்று நிரோஜினி அழைத்தாள்.
வெட்டிப்போட்ட தடிகளில் நாலைந்தை
பயிற்றங்கொடிக்கு ஊன்றியிருந்தாளாம்.
பயிற்றை பட்டுவிட்டது.
தடி ஒன்றில் இலை, உள்ளங்கை அகலம்.
அவர் ஆட்டோவை ஒழுங்கையில்தான் விடுகிறார் அப்பா,
தகரம் இன்னும் வாங்கவில்லை.

போனைக் கையில் வாங்கி
தெய்வானை ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எந்தப் பக்கம்?"
"கிணத்தடியில் அம்மா."
"ம்."

பொழுதுபட்டபின் வெளியே போனேன்.
கீறினேன்.
இருட்டில் பச்சை தெரியவில்லை.
நகக்கண்ணில் ஈரம் இருந்தது.